சாவிக்காரர் சொல்லாமல் போனது

வீபே ஹூக்ஸ்ட்ரா இறந்தபோது அவருடைய மனைவியை விட அதிகமாகக் கலங்கிப்போனது எங்கள் நிர்வாகக் குழு. அவர் மேல் எங்களுக்கு அத்தனை பிரியம் என்று அர்த்தமில்லை. எங்களிடம் ஒரு புதிய துகள் இருந்தது. அது மெய்யா பொய்யா என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஜெனீவாவுக்கு வெளியே, ஜூரா மலை அடிவாரத்து வயல்களுக்குக் கீழே ஓடுகிற வளையத்தில் எங்களுக்கு வேலை. புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைப்போம். சிதறுவதைக் கருவி பிடித்துக்கொள்ளும். புதிதாக ஒரு துகள் பிறந்தாலும் அதை யாரும் பார்த்ததில்லை, பிறந்த கணமே அது செத்துப்போகும். அது விட்டுப்போன துண்டுகளைக் கூட்டிப் பார்த்து, இன்ன எடையுள்ள ஒன்று இங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறது என்று சொல்வோம். அப்படிப் போனவை நிறையச் சேர்ந்தால், வரைபடத்தில் சரிந்து இறங்குகிற கோட்டில் ஓரிடத்தில் மட்டும் மேடு தட்டும். அந்த மேட்டை நம்பித்தான் எங்கள் மூவாயிரம் பேருடைய பிழைப்பும்.

முன்பு ஒருமுறை அவசரப்பட்டு ஒரு மேட்டை உலகத்துக்கு அறிவித்துவிட்டோம். கருவியின் ஒரு மூலை சூடேறியதால் வந்த மேடு அது. பத்திரிகைகள் எங்களை வைத்துக் கேலிச்சித்திரம் போட்டன. அந்த அவமானத்தில் ஒரு விதி பிறந்தது. குழுவில் ஒருவர், ஒரே ஒருவர், தனக்குத் தோன்றினால் எங்கள் தரவுகளுக்குள் இரகசியமாகப் போலித் துகள்களைக் கலக்கலாம். நாங்கள் விழித்திருக்கிறோமா என்று பார்ப்பதற்காக. கலக்காமலும் இருக்கலாம். கலந்தாரா இல்லையா என்பதை, உலகத்துக்கு அறிவிப்பதற்கு முந்தின நாள் எல்லோர் முன்னாலும் அவர் சொல்வார். அதுவரை எங்கள் தலைவருக்கே தெரியக்கூடாது. அந்த ஆளுக்குச் சாவிக்காரர் என்று பெயர். அவரைத் தவிர வேறு யாரும் திறக்காதபடி அவருடைய கம்ப்யூட்டருக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

விதியை எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். சாவிக்காரருக்கு லஞ்சம் கொடுத்தால் என்ன செய்வது, மிரட்டினால் என்ன செய்வது, அவர் குடித்துவிட்டு உளறினால், உடன் வேலை செய்கிற யார் மேலாவது காதல்கொண்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு இருந்தது. அவர் சாகக்கூடும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மேட்டைக் கண்டுபிடித்தவள் ஒதீல் முன்யே. அன்மாஸ் ஊரில் பஸ் ஓட்டுகிறவருடைய மகள். என் பக்கத்து மேஜை. அடுத்த இலையுதிர் காலத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. மேடு மெய்யானால் எந்தப் பல்கலைக்கழகமும் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும். பொய்யானால் அப்பாவிடம் ஸ்டியரிங் பிடிக்கப் பழகிக்கொள்கிறேன் என்பாள். கோடை முழுவதும் காலையில் வந்ததும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தைத்தான் திறப்பாள். மேடு நேற்றைவிடக் கொஞ்சம் வளர்ந்திருக்கும். "பாரு லூக், என் பிள்ளை நல்லா சாப்பிடுது," என்பாள்.

ஒரு மேடு தற்செயலாக வந்ததில்லை என்று துணிந்து சொல்வதற்கு எங்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. அதில் ஐந்தாவது கோட்டைத் தாண்ட வேண்டும். குளிர்காலத்துக்காக இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சற்று முன்னால் ஒதீலுடைய மேடு அந்தக் கோட்டைத் தாண்டியது. அதே வாரம், வீபே தன் வீட்டுச் சமையலறையில் நாற்காலியை இழுத்து உட்காரும்போதே இதயம் நின்று இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்துப் பின்னறையில் காபியும் சோம்பு போட்ட கேக்கும் கொடுத்தார்கள். வீபேயும் அவர் மனைவி சிட்ஸ்கேயும் நெதர்லாந்தின் வடக்கே பிரீஸ்லாந்துக்காரர்கள். இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த கேக்கை விடவில்லை. எங்கள் தலைவர் ஹார்ட்முட் கெஸ்னர் தட்டோடு சிட்ஸ்கே பக்கத்தில் போய் நின்றார்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி கேட்டார்."

"தண்ணின்னா, சும்மா தண்ணியா? இல்ல வேற ஏதாவது அர்த்தத்துலயா?"

"குழாய்த் தண்ணி," என்றார் சிட்ஸ்கே.

கெஸ்னர் ஆழமாகத் தலையாட்டினார். மறுநாள் குழுக் கூட்டத்தில் அது விவாதத்துக்கு வந்தது. தண்ணீர் என்ற சொல் 'கலந்தேன்' என்பதைக் குறிக்கிறதா 'கலக்கவில்லை' என்பதைக் குறிக்கிறதா என்று இப்போதுள்ள ஆதாரத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது என்று தீர்மானித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் விதிகளைப் படித்துக் காட்டியவர் பிலிப்பா ஹார்ட்லி. புள்ளியியலுக்கும் நடைமுறைக்கும் அவர்தான் பொறுப்பு. இங்கிலாந்தின் லீட்ஸ்காரர். சிரிக்காமல் பேசுவார்.

"புது சாவிக்காரர் வரணும்னா, பழைய சாவிக்காரர் தன் கையால சாவியை ஒப்படைக்கணும்," என்றார்.

"அவர் செத்துட்டாரே," என்றாள் ஒதீல்.

"எனக்குத் தெரியும் ஒதீல். விதிக்குத் தெரியாது."

"அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துட்டா?"

"பார்த்தா, கலந்தாரா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

"அதுக்குத்தானே பார்க்கிறோம்."

"முறைப்படி சொல்லாம நாமளே தெரிஞ்சுக்கிட்டா இரகசியம் உடைஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இரகசியம் உடைஞ்சா இந்த வருஷத்துத் தரவு மொத்தமும் செல்லாது. உன்னோட மேடும் சேர்ந்துதான்."

ஒதீல் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஏரிப் பக்கமிருந்து வந்த மூடுபனி கார் நிறுத்துமிடத்தை விழுங்கியிருந்தது.

பழக்கதோஷத்தில் கெஸ்னர், வீபேயின் முகவரிக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். உடனே பதில் வந்தது. 'இந்தக் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல இயலாது. பொறுத்திருங்கள். வீபே.' பொறுப்பேற்ற அன்றே தானாகப் போகும்படி அவர் எழுதி வைத்த பதில் அது. எங்கள் எல்லோருக்குமே தெரியும். ஆனாலும் கெஸ்னர் அதைத் திரையில் போட்டபோது அறையில் ஒருவரும் அசையவில்லை.

"'இப்போது'ன்னு இருக்கு," என்றார் பிலிப்பா. "அப்போ பிறகு சொல்ல வாய்ப்பிருக்குன்னுதானே ஆகுது."

யாரும் மறுக்கவில்லை. சாவிக்காரர் மின்னஞ்சல் வழியாகக் கலந்துகொண்டார் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் அப்படியே எழுதினார்கள். அவருக்கு ஒரு நாற்காலியும் காலியாக விடப்பட்டது. தாமதமாக வந்த ஓர் இத்தாலியர் ஒருநாள் அதில் உட்காரப்போய், பாதியில் நிமிர்ந்து, கூட்டம் முடியும்வரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

ஜனவரியில் காவல் பிரிவிலிருந்து கெஸ்னருக்கு போன் வந்தது. வீபே ஹூக்ஸ்ட்ராவின் அட்டை இன்னும் வேலை செய்கிறது என்றார்கள். அதை ரத்துசெய்ய அவருடைய ஒப்புதல் வேண்டும், சாவிக்காரர் ஆயிற்றே. விஷயம் அதுவல்ல. வியாழக்கிழமை பிற்பகல்களில் அந்த அட்டை அவருடைய அறைக் கதவைத் திறக்கிறது.

"யார் திறக்கிறாங்க?" என்று கெஸ்னர் கேட்டிருக்கிறார்.

"எங்க திரையில வீபே ஹூக்ஸ்ட்ரான்னுதான் வருது," என்று பதில்.

அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கண்ணால் காணாத எதையும் ஆதாரமில்லாமல் நம்ப மாட்டோம் என்று சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள். வீபேயின் அறை இருந்த தாழ்வாரத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தோம். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போன ஒருத்தி, கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்ததாகச் சொன்னாள். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டதாம். ஆரஞ்சு வாசனை வந்ததாம். வீபே தினமும் ஆரஞ்சு சாப்பிடுகிறவர்.  இதைக் கேட்டதும் ஒதீல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு லூக். ஆவின்னு இல்ல. அவர் நிஜமாவே வந்து சொல்லிட்டா என்ன சொல்வாரோன்னு."

நிர்வாகக் குழு இரண்டு கூட்டங்கள் நடத்தியது. ஆவி உண்டா இல்லையா என்பது தங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்று ஒதுக்கிவிட்டு, இருந்தால் அதன் வாக்குமூலம் செல்லுமா என்பதை மட்டும் ஆராய்ந்தார்கள். சாவிக்காரர் தானே முன்வந்து, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. உயிரோடு சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தத் தாழ்வாரத்தில் நின்றோம். கதவுக்குக் கீழே வெளிச்சம் இருந்தது. பிலிப்பா கேள்விகளை முன்கூட்டியே தயாரித்திருந்தார். ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. எடுத்ததும் முக்கியமான கேள்வியைக் கேட்கக்கூடாது, பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்டு, உள்ளே இருப்பது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று முதலில் அளக்க வேண்டும் என்றார்.

கெஸ்னர் டையைச் சரிசெய்துகொண்டு கதவருகே போனார்.

"சாவிக்காரர் அவர்களே. உங்க பேரு வீபேயா?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அதைத் தட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பிலிப்பா யோசித்தார்.

"ரெண்டாவது கேள்வி. நீங்க ஒரு ஒட்டகச்சிவிங்கியா?"

பதில் இல்லை.

"மூணாவது. தற்போதைய நிலைமை தங்களுடைய கடமைகளை ஆற்றும் திறனில் குறிப்பிடத்தக்க குறைவு எதையும் ஏற்படுத்தவில்லை என்பதை மறுக்காமல் இருக்கிறீர்களா?"

ஒதீலால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கெஸ்னரைத் தாண்டிப் போய்க் கைப்பிடியைத் திருகினாள். கதவு பூட்டியிருக்கவில்லை.

வீபேயின் நாற்காலியில், கோட்டோடு, மடியில் கைக்குட்டை விரித்து ஆரஞ்சு உரித்தபடி சிட்ஸ்கே உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு பிளாஸ்க்.

"வாங்க," என்றார். "மூணாவது கேள்விதான் எனக்குப் புரியல."

கெஸ்னர் சட்டென்று பின்வாங்கினார். "சிட்ஸ்கே, தயவுசெஞ்சு எதுவும் சொல்லிடாதீங்க. அவர் உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருந்தா, எங்க யார் காதுலயும் அது விழக்கூடாது." எங்களையெல்லாம் கையால் தள்ளிக்கொண்டு வேகமாக நடந்தார். ஒதீல் மட்டும் போகவில்லை.

அன்றைக்கு டிராமில் வரும்போது எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள்.

வீட்டில் இருக்கிற நாற்காலி எல்லாமே சிட்ஸ்கே வாங்கியதாம். வீபேயுடையது என்று இருந்தது இந்த ஒன்றுதான். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார். அட்டை கதவைத் திறந்தது, யாரும் நிறுத்தவில்லை. யாரும் கேட்காததால் நான் ஒன்றும் தப்பு செய்யவில்லை என்றே நினைத்தேன் என்றாராம்.

"அவர் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?" என்று ஒதீல் கேட்டிருக்கிறாள்.

"சொல்ல மாட்டார். கேட்பார். சாயந்தரம் வந்து ஷூ கழட்டும்போதே கேட்பார். 'சிட்ஸ்கே, நான் அதைப் போட்டேனா?' எதைன்னு கேட்டா, இரகசியம்பார். நான் தபால்தான் போல இருக்குன்னு நினைச்சேன். அப்புறம் பூட்டோன்னு நினைச்சேன்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"போட்டாச்சு, போட்டாச்சும்பேன். சில நாள் அது பத்தாது. முகம் அப்படியே இருக்கும். அப்போ நாளைக்குப் போட்டுக்கலாம்னு சொல்வேன். எதைச் சொன்னா முகம் தெளியுதோ அதைச் சொல்வேன்."

"எப்ப இருந்து இப்படி?"

"ஈஸ்டருக்கு அப்புறம்."

மேடு முளைத்தது ஈஸ்டருக்கு அப்புறம்தான்.

"அவருக்கு மறதின்னு இங்க யாருக்குமே தெரியாதா?"

"ஏன் தெரியாது? நானே வந்து கெஸ்னர்கிட்ட சொன்னேனே. 'கவலைப்படாதீங்க, இந்த வேலைக்கு அது ஒரு தகுதி'ன்னார். நான் விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சேன்."

டிராம் மேரான் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒதீல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.

"இயற்கைதான் எனக்குத் தினமும் கொஞ்சம் கொடுக்குதுன்னு நினைச்சுட்டிருந்தேன் லூக். ஒருவேளை அந்தத் தாழ்வாரத்துக் கடைசியில உட்கார்ந்து, போட்டோமா போடலையான்னு தெரியாம, அவரே தினமும் போட்டுட்டு இருந்திருந்தா?" கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா ஒரு தடவைகூடப் போடாமலும் இருந்திருக்கலாம். இல்லையா?"

அதை என்னிடம் கேட்கவில்லை.

மறுநாள் அவள் குழுவின் முன்னால் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பாதியிலேயே பிலிப்பா கையை உயர்த்தி நிறுத்தி, கேட்டவர்கள் கேட்காததாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கெஸ்னர் எழுந்து பேசினார். அந்தப் பேச்சை முழுவதும் இங்கே கொடுக்க முடியாது, முக்கியமான பகுதி இது:

"நண்பர்களே, மறதியைக் குறையாகப் பார்ப்பது பழைய பார்வை. தெரிந்தவன் உளறலாம். மிரட்டினால் சொல்லிவிடலாம். மறந்தவனிடமிருந்து யாரும் எதையும் பறிக்க முடியாது. நமக்கு வாய்த்ததைப் போல உறுதியான பூட்டு வேறு எந்த ஆய்வுக்கூடத்துக்கும் வாய்த்ததில்லை. அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லாமல் போனது பூட்டின் குற்றமல்ல. இதில் நிர்வாகம் முன்யோசனையோடுதான் நடந்துகொண்டது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். பிறகு ஒதீல் பற்றி முடிவெடுத்தார்கள். சாவிக்காரரின் வீட்டாரிடம் பேசியதால் அவளுக்குத் தீட்டுப் பட்டுவிட்டது. முறையான சொல் வேறு, ஆனால் அர்த்தம் அதுதான். இனி அவள் மேட்டைப் பார்க்கக்கூடாது, மேட்டைப் பற்றிப் பேசக்கூடாது, மேட்டை ஆராய்கிறவர்களோடு ஒரே அறையில் இருக்கக்கூடாது. நானும்தான் டிராமில் எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். என்னை யாரும் விசாரிக்கவில்லை.

அன்று பிற்பகல் அவள் தன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தபோது, மேடு இருந்த இடத்தில் ஒரு சாம்பல்நிறக் கட்டம் வந்தது.  பிறகு அட்டைப்பெட்டியில் சாமான்களை எடுத்துவைத்தாள். சாலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை அவளுக்குக் கிடைத்தது.

வீபேயின் தாழ்வாரத்துக்குப் பயந்தவர்கள் இப்போது ஒதீலுக்குப் பயந்தார்கள். உணவகத்தில் அவள் தட்டோடு வந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். அவள் வாய் திறந்து ஒரு சொல் சொல்லிவிட்டால் தங்களுக்கும் தீட்டு ஒட்டிவிடுமே. லிஃப்டில் ஒருநாள் வெறுமனே "குளிர் ஜாஸ்தி" என்று சொன்னாளாம். உள்ளே இருந்தவர் அடுத்த தளத்திலேயே இறங்கிப் படியேறிப் போனாராம்.

"நான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு," என்றாள் என்னிடம். "அந்த ஆரஞ்சு வாசனையாவது அவருக்கு இருந்தது."

அவள் இல்லாமலே துகள் நன்றாக இருந்தது. பிலிப்பாவின் ஆட்கள் அதன் எடையை அளந்தார்கள், ஆயுளைக் கணக்கிட்டார்கள், எப்படிச் சுழல்கிறது என்று கண்டார்கள். கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், இவ்வளவு சுத்தமான துகளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கண்கலங்கினார். ஏன் அப்படி ஒரு துகள் இருந்தே தீரவேண்டும் என்று விளக்கி வாராவாரம் புதுப்புதுக் கோட்பாடுகள் வந்தன. பெயர் வைக்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

நான் கெஸ்னரிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன். "இது வீபே கலந்ததா இருந்தா என்ன பண்றது ஹார்ட்முட்?"

அவர் பொறுமையாக என் தோளில் கைவைத்தார். "லூக், அதுக்கு எடை இருக்கு. ஆயுள் இருக்கு. சுழற்சி இருக்கு. இதுக்கு மேல ஒரு துகள்கிட்ட நீ என்ன எதிர்பார்க்கிற? இங்க வேலை செய்யற பாதிப் பேரைப் பத்தி எனக்கு இவ்வளவு தெரியாது."

வசந்தத்தில் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. வீபே இல்லை. புதிய தரவிலும் மேடு எழுந்தால் துகள், எழாவிட்டால் வீபே. எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெயில் ஏறி, ஜூராவின் உச்சியில் பனி முழுவதும் உருகின பிறகு, புதிய தரவை எல்லோர் முன்னாலும் திறக்க ஒரு நாள் குறித்தார்கள். பெரிய மண்டபம் நிறைந்து, படிகளிலும் உட்கார்ந்தார்கள். ஒதீலுக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் தலை தெரிந்தது.

பிலிப்பா பொத்தானை அழுத்தினார். கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியது. மேடு இருக்கவேண்டிய இடத்திலும் அப்படியே இறங்கிப் போனது. சுருக்கம்கூட இல்லை.

முன்வரிசையில் காலியாக விட்டிருந்த நாற்காலியை எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். கதவுக்கு வெளியே ஒதீல் இல்லை.

கெஸ்னர் மேடையேறினார். "இதைப் பின்னடைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்," என்றார். "உலகத்தில் எத்தனையோ பொருட்கள் இல்லை. ஆனால் இந்தத் துகள் இல்லாமலிருப்பதைப் போல இவ்வளவு துல்லியமாக, இத்தனை இலக்கத்துக்குச் சுத்தமாக, எதுவும் இதுவரை இல்லாமல் இருந்ததில்லை. இந்த இல்லாமையை அளந்த பெருமை நம்முடையது. நமது எச்சரிக்கை முறை மிகச் சிறப்பாக வேலை செய்திருக்கிறது." மறுபடி கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை சும்மா இருக்க முடியவில்லை.

துகளே இல்லை என்று ஆனபிறகு காக்க வேண்டிய இரகசியமும் இல்லை. முத்திரையை உடைத்தார்கள். மறுநாள் பிலிப்பா சாலையைக் கடந்து ஒதீலின் அறைக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். உடைந்த நாற்காலிகளில் சுமாராக நின்ற ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தார்.

"தினமும் போட்டிருக்கார்," என்றார். "காலையில வந்த உடனே. சில நாள் ரெண்டு தடவை. திட்டப்படி, போடறதா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை போதும்."

ஒதீல் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் போலித் துகளோட எடையை நாமளே அடிச்சுக் கொடுக்கணும். எல்லா இலக்கத்தையும். அந்த மெஷின் எதையும் ஞாபகம் வச்சுக்காது." பிலிப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவர் ஒரு இலக்கம்கூட மாத்தி அடிக்கல. ஒரு தடவைகூட. நான் எல்லாத்தையும் சரிபார்த்தேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

போகும்போது கதவருகே நின்று, "மன்னிச்சுக்கோ," என்றார். எதற்கென்று சொல்லவில்லை. அவரிடம் அந்தச் சொல்லை நாங்கள் அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை.

சிட்ஸ்கேயிடம் விஷயத்தை யாராவது சொல்லியாக வேண்டும். நிர்வாகத்துக்கு அது தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் ஒதீலும் என் காரில் அவருடைய ஊருக்குப் போனோம். வழியெல்லாம் ஒதீல் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உங்க மேல தப்பில்ல. அவர் மேலயும் தப்பில்ல. எனக்குக் கோபம் இல்ல. கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னாள்.

சிட்ஸ்கே தோட்டத்தில் அவரைக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். ஒதீல் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, நேராகச் சொன்னாள். அவர்தான் போட்டார். எல்லாமே அவர் போட்டது. துகள் எதுவும் இல்லை.

சிட்ஸ்கேயின் கை குச்சியிலேயே நின்றது. "எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"போன வருஷம் ஜூன்ல பெரிய மழை பெஞ்சுதே, அப்பவும்?"

"வேலை நாள் ஒண்ணுகூட விடல."

"அதைப் போடற கம்ப்யூட்டர் அங்க, அவர் அறையிலதானே இருக்கு? வேற எங்க இருந்தும் போட முடியாதே?"

"முடியாது. அங்க வந்தாத்தான்."

சிட்ஸ்கே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பதறித் தூக்கப்போனோம், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"தினமும் காலையில நான்தான் பஸ் ஏத்தி விடுவேன்," என்றார். "அதுக்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் என்ன ஆனார்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவை போலீஸ் கூட்டிட்டு வந்தாங்க, ஒரு சனிக்கிழமை, ஏரிக்கரையில நின்னுட்டு இருந்தாராம், எங்க போகணும்னு தெரியாம. அதிலேர்ந்து எனக்கு அந்த நினைப்புதான். வேலைக்குப் போறேன்னு போய், எங்கேயாவது பெஞ்சுல உட்கார்ந்துட்டு வர்றார்னே நினைச்சேன். மழை பெஞ்சா நனைஞ்சுட்டு இருப்பார்னு. உங்க ஆபீஸுக்கு போன் பண்ணிக் கேட்டேன், இன்னைக்கு வந்தாரான்னு. சாவிக்காரர் வந்தாரா இல்லையான்னு வெளியே சொல்றதுக்கில்லன்னுட்டாங்க."

ஒதீல் அவருடைய மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்திருக்கார்," என்றாள். "வழி தப்பாம வந்திருக்கார். அந்த எடை இருக்கே, ஒவ்வொரு நாளும் அதைத் தப்பில்லாம அடிச்சிருக்கார். எதையும் பார்த்து அடிக்கல. மனசுல இருந்து."

"ரொம்பப் பெரிய எண்ணா?"

"கொஞ்சம் நீளம்."

"சொல்லு."

ஒதீல் சொன்னாள். அவளுக்குத் தடை விதித்திருந்த எண் அது. ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சிட்ஸ்கே கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் ஓர் இலக்கத்தில் தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.